கார்ட்லெஸ் வேக்குவம் பேட்டரி: செத்துப்போச்சா, மூச்சு வாங்குதா?

ஆஸ்துமா, தூசி அலர்ஜி என்று என்னிடம் வருகிற குடும்பங்கள் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

"டாக்டர், வீட்டுக்கு வேக்குவம் க்ளீனர் வாங்கலாமா?"

ரெண்டு மூணு வருஷம் கழித்து அதே குடும்பம் வேறொரு கேள்வியோடு வரும்.

"வாங்கினோம் டாக்டர். நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது. பேட்டரி போச்சுன்னு சொல்றாங்க. ஆன்லைன்ல பாதி விலைக்கு ஒண்ணு இருக்கு, போட்டுடலாமா?"

முதல் கேள்வி என் துறை.
இரண்டாவது என் துறை இல்லைதான். ஆனால் அந்த இரண்டாவது கேள்விக்குத் தவறான பதில் கிடைத்தவர்களில் சிலர் தீக்காயத்தோடு என் துறைக்கே வந்து சேருகிறார்கள்.

அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள் நட்புகளே.

முதலில் "வாங்கலாமா?" என்பதற்குப் பதில்.

தூசி அலர்ஜியில் பெரிய வில்லன் தூசிப்பூச்சி. ஆங்கிலப் பெயரான டஸ்ட் மைட் என்றால் பலருக்கும் தெரியும். அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணை, சோபா, கம்பளம் இவைதான் அதன் ஊர். நம் உடம்பில் இருந்து உதிரும் தோல் துகள்தான் அதன் சாப்பாடு. ஈரப்பதம் உள்ள காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதன் கழிவில் உள்ள புரதம்தான் நமக்குத் தும்மலையும் வீசிங்கையும் கிளப்பி விடுகிறது.

வேக்குவம் க்ளீனர் இந்தப் பூச்சியை ஒழிக்காது. படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைப்பது, மெத்தைக்கு உறை போடுவது, இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி தவறாமல் எடுப்பது. இவைதான் முதல் வரிசை. தரையை ஈரத்துணியால் துடைத்தாலே தூசி பறக்காது. அதற்குச் செலவும் இல்லை.

அப்புறம் எதற்கு வேக்குவம்?

குனிய முடியாதவர்களுக்கு. விளக்குமாறு கிளப்புகிற தூசியில் இருமல் வருகிறவர்களுக்கு. மெத்தை, சோபாவைத் துடைக்க வழியில்லாத வீடுகளுக்கு. நல்ல ஹெபா ஃபில்டர் இருந்தால் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவிகிதத்தைப் பிடித்து வைக்கும். உறிஞ்சிய தூசி பின்பக்கமாக மறுபடி அறைக்குள் வராது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது.

அப்பாவுக்கு சிஓபிடி. அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மதுரையில் ரெண்டு பேர் மட்டும். அம்மா விளக்குமாறு எடுத்தால் அப்பாவுக்கு இருமல். ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால், "என் வீட்டைப் பெருக்குறதுக்கு எதுக்குப்பா இன்னொரு ஆளு?" என்பார்.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை ஒரு முறை வரும்போது இரண்டரைக் கிலோ எடையில் ஒரு கார்ட்லெஸ் வேக்குவம் கொண்டு வந்து கொடுத்தாள். அம்மா முதல் நாள் முறைத்தார். ஒரு வாரத்தில் அது அம்மாவின் வலது கையாகிவிட்டது. நின்றபடியே வீடு முழுக்க ஒரு சுற்று. அப்பா அந்த நேரத்திலும் ஹாலிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்.

மூணாவது வருஷம் பிரச்சனை ஆரம்பித்தது.

"ஏப்பா, அது விட்டு விட்டு ஓடுது. கடைக்காரத் தம்பி போன்லயே சொல்லிட்டாரு, பேட்டரி போச்சாம். இதைக் குடுத்துட்டு வேற மெஷின் எடுத்துக்கச் சொல்றாரு."

நான் ஊருக்குப் போனபோது மெஷின் ஒரு மூலையில் பழைய சேலைத் துணி போர்த்தப்பட்டு நின்றது. அம்மா கையில் மறுபடியும் விளக்குமாறு. அப்பா திண்ணைக்குப் போய்விட்டார்.

நாடி பிடிக்காமல் போனிலேயே இறப்புச் சான்றிதழ் கொடுக்கிற வைத்தியத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. மெஷினுக்கும்தான்.

ஹிஸ்டரி கேட்டேன்.

எப்ப இருந்து? கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சதா, திடீர்னா? நிக்குதா, விட்டு விட்டு ஓடுதா? எந்த ஸ்பீடுல வச்சா நிக்குது?

இந்த நாலு கேள்வி முக்கியம். உங்கள் வீட்டு மெஷினுக்கும் இதையே கேளுங்கள்.

"விட்டு விட்டு ஓடுகிறது" என்றால், பல மாடல்களில் அதற்கு அர்த்தம் பேட்டரி கோளாறு அல்ல. காற்றுப்பாதையில் அடைப்பு. காற்று சரியாக வராவிட்டால் மோட்டார் சூடாகும். சூட்டில் இருந்து காப்பாற்றிக்கொள்ள மெஷின் தானே நிறுத்தி நிறுத்தி ஓடும். நமக்கு அது பேட்டரி செத்த மாதிரி தெரியும்.

திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு தமிழ் வீட்டின் வரலாறே இருந்தது. பூஜை அறை விபூதி, வாசல் கோலமாவு, முகத்துக்குப் போடும் பவுடர். எல்லாம் ஃபில்டரின் மடிப்புகளில் சிமெண்ட் மாதிரி ஒட்டியிருந்தன. பிரஷ் உருளையில் நீளமான தலைமுடி கயிறு போலச் சுற்றியிருந்தது.

கத்தரிக்கோலால் முடியை வெட்டி எடுத்தோம். ஃபில்டர் தண்ணீரில் கழுவக்கூடியது என்று மெஷினின் கையேட்டில் இருந்ததால் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவைத்தோம். (எல்லா ஃபில்டரையும் கழுவக்கூடாது. கையேட்டைப் பாருங்கள். ஈரத்தோடு திரும்ப மாட்டவே கூடாது.)

மறுநாள் மாட்டி ஆன் செய்தால், சாதாரண ஸ்பீடில் நிற்காமல் வீடு முழுக்க ஓடியது. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் உச்ச ஸ்பீடில் வைத்தபோது நாலு நிமிடத்தில் நின்றது. புதிதாக இருந்தபோது எட்டு நிமிடம் வந்தது என்று தங்கை சொன்னாள்.

ஆக, நோய் இரண்டு. ஒன்று அடைப்பு, அது குணமாகிவிட்டது. இன்னொன்று பேட்டரியின் முதுமை. அது நிஜம்தான். ஆனால் முதுமை வேறு, மரணம் வேறு.

அந்த முதுமை என்ன என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் பராமரிப்பு தானாக வந்துவிடும்.

கார்ட்லெஸ் வேக்குவத்தின் பேட்டரி பெட்டிக்குள் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு உருளைகள் வரிசையாக இருக்கும். பென்சில் பேட்டரியை விடக் கொஞ்சம் பெரிது. இதில் பிரபலமான அளவின் பெயர் 18650. பயந்துவிடாதீர்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒரு லித்தியம் அயான் செல். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட். ஆறு செல் என்றால் 21.6 வோல்ட். ஏழு என்றால் 25.2 வோல்ட். உங்கள் பேட்டரி மேல் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள்.

1991ல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97!

சரி, இது எப்படி வேலை செய்கிறது?

செல்லுக்குள் இரண்டு கரைகள். ஒரு கரை கிராஃபைட். மறுகரை உலோக ஆக்சைடு. நடுவில் திரவம். சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் நீந்தி கிராஃபைட் கரைக்கு வரும். மெஷின் ஓடும்போது மறுகரைக்குத் திரும்பும். படகுத்துறை மாதிரி. போவதும் வருவதும்தான் பிழைப்பு.

கிராஃபைட் கரையில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. முதல் சில சார்ஜிலேயே உருவாகிவிடும். அது அவசியமானதுதான். ஆனால் வருஷம் ஆக ஆக அது தடித்துக்கொண்டே போகும். தடிக்கும்போது கொஞ்சம் லித்தியத்தையும் தின்றுவிடும். அந்த லித்தியம் திரும்ப வராது. நம் உடம்பில் தழும்புத் திசு கூடிக்கொண்டே போவது போல வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் இரண்டு விஷயம் நடக்கும்.
ஒன்று, கொள்ளளவு குறையும்.
இரண்டு, உள்ளே மின்தடை கூடும்.

இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாது.

இதயம் பலவீனமான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறச் சொன்னால் பத்தாவது படியில் மூச்சு வாங்கி நிற்பார். இதயம் நிற்கவில்லை. கேட்ட அளவுக்கு உடனே பம்ப் செய்து கொடுக்க முடியவில்லை.

வயதான பேட்டரியும் அதேதான். சாதாரண ஸ்பீடில் ஓடும். உச்ச ஸ்பீடில் மோட்டார் ஒரேயடியாக மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். உள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் "போதும்" என்று நிறுத்திவிடும். சார்ஜ் இன்னும் மிச்சம் இருக்கும். ஆனாலும் மெஷின் நிற்கும்.

வேக்குவத்தில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் தெரிகிறது?

சின்னக் கணக்கு. 21.6 வோல்ட், 2500 எம்ஏஹெச் பேட்டரியின் மொத்த சேமிப்பு 54 வாட் அவர். ஒரு ஸ்மார்ட்ஃபோன் பேட்டரியைப் போல மூன்று மடங்கு சுமார். போன் அந்தச் சேமிப்பை நாள் முழுக்க மெதுவாகச் செலவு செய்யும். வேக்குவம் உச்ச ஸ்பீடில் எட்டே நிமிடத்தில் மொத்தத்தையும் குடித்துவிடும். அதாவது 400 வாட்டுக்கு மேல் இழுக்கிறது. போன் நடைப்பயிற்சி போகிறது. வேக்குவம் மாடிப்படி ஓடுகிறது.

இன்னொன்று. ஆறு செல்லும் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஆறு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவருக்கு முழங்கால் வலி என்றால் பல்லக்கு நிற்க வேண்டியதுதான். மற்ற ஐந்து பேர் பயில்வானாக இருந்தும் பயனில்லை. ஒரு செல் பலவீனமானால் மொத்த பேக்கும் அந்தச் செல்லின் வேகத்துக்குத்தான் வரும்.

சரி, பேட்டரி சீக்கிரம் முதுமை அடைய என்ன காரணம்? மூன்றே எதிரிகள்.

முதல் எதிரி, சூடு.

சூடு கூடினால் வேதிவினை வேகமாகும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது வேதியியலில் ஒரு பொதுக்கணக்கு. அந்தப் படலம் தடிப்பதும் வேதிவினைதான்.

அம்மா மெஷினை எங்கே சார்ஜ் போட்டிருந்தார் தெரியுமா? சமையலறையில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்துப் பிளக்கில். மதுரை மே மாதம் 40 டிகிரி. அதோடு இட்லிக் கொப்பரையின் ஆவி வேறு.

பெரும்பாலான லித்தியம் அயான் செல்களை 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்ய வேண்டும். வேக்குவம் ஓடி முடிந்த கையோடு பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். ஒரு அரை மணி நேரம் ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள். வெயில் விழும் பால்கனி, பூட்டிய கார், அடுப்பு மேடை, ஃப்ரிட்ஜின் தலை, இந்த இடங்கள் வேண்டவே வேண்டாம்.

அதற்காக ஃப்ரிட்ஜுக்குள் வைக்காதீர்கள்! வெளியே எடுத்ததும் அதன் மேல் நீர் கோர்க்கும். சாதாரண அறையின் நிழல் போதும்.

இரண்டாம் எதிரி, எப்போதும் நிறைந்த வயிறு.

100 சதவிகிதம் என்றால் ஒரு செல் சுமார் 4.2 வோல்டில் விறைத்து நிற்கிறது என்று அர்த்தம். நல்ல சார்ஜர் நிறைந்ததும் நிறுத்திவிடும். பொங்கி வழியாது. தினமும் பயன்படுத்துகிறவர்கள் ஸ்டாண்டில் மாட்டி வைப்பதில் பெரிய தவறில்லை. மனப்பதற்றம் வேண்டாம். ஆனால் வாரம் ஒருமுறைதான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஏழு நாளும் முழு சார்ஜில் வெந்துகொண்டு இருக்கத் தேவையில்லை. சார்ஜ் ஏறியதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். முடிந்தால் பயன்படுத்துவதற்கு முந்தைய நாள் ஏற்றுங்கள்.

மூன்றாம் எதிரி, பட்டினி.

"போன் மாதிரி ஜீரோ ஆனப்புறம்தான் சார்ஜ் போடணும்னு கரெண்ட் வேலை பார்க்கிற தம்பி சொன்னாரே?" என்று அம்மா கேட்டார்.

இந்த அறிவுரை எங்கே இருந்து வந்தது என்றால், பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தில் இருந்து. 1979ல் அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டு வந்த டஸ்ட்பஸ்டர் என்கிற கையடக்க வேக்குவம் அந்த வகைதான். அந்தப் பேட்டரிக்கு "ஞாபகக் கோளாறு" உண்டு. பாதியிலேயே சார்ஜ் போட்டுப் பழக்கினால், பாதிதான் தன் கொள்ளளவு என்பது போல நடந்துகொள்ளும். அதனால் முழுக்கக் காலி செய்யச் சொன்னார்கள். அன்றைக்கு அது சரியான வைத்தியம்.

லித்தியத்துக்கு அந்த நோய் இல்லை. நோய் போய்விட்டது, மருந்துச் சீட்டு மட்டும் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது!

லித்தியம் பேட்டரி 20, 30 சதவிகிதத்தில் இருக்கும்போதே சார்ஜ் போடலாம். பாதியிலும் போடலாம். நம் வயதானவர்களுக்குச் சொல்வது போலத்தான், ஒரேயடியாகப் பட்டினியும் வேண்டாம், ஒரேயடியாக விருந்தும் வேண்டாம். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக.

ரொம்ப ஆபத்தானது, காலியான பேட்டரியை அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிடுவது.

ஆறு மாதம் பேரனைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் கவனியுங்கள். மெஷின் நின்றுபோன நிலையில் அலமாரியில் வைத்துவிட்டுப் போனால், மிச்சம் இருக்கும் சொட்டு மின்சாரமும் மெதுவாக வடியும். வோல்டேஜ் ரொம்பக் கீழே போனால் உள்ளே இருக்கிற தாமிரத் தகடே கரைய ஆரம்பிக்கும். அப்புறம் சார்ஜ் போட்டால் அந்தத் தாமிரம் வேறு இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். பாதுகாப்பு சர்க்யூட் அப்படிப்பட்ட பேட்டரியை சார்ஜ் ஏறவிடாமல் தடுப்பது நம் நன்மைக்குத்தான்.

ஊருக்குப் போகும் முன் பாதி சார்ஜ். பிளக்கைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள். நிழலான இடத்தில் வையுங்கள். மூணு மாதத்துக்கு ஒருமுறை யாராவது பார்த்து பாதிக்கு ஏற்றி வைத்தால் இன்னும் நல்லது.

இதோடு உச்ச ஸ்பீடை சோபா, மெத்தைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரைக்கு சாதாரண ஸ்பீடே போதும். ஃபில்டரை மாதம் ஒருமுறை பாருங்கள். விபூதி, கோலமாவு, சுவர் துளைத்த சிமெண்ட் தூள் இதையெல்லாம் முதலில் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். கனலும் ஊதுவத்திச் சாம்பலை உறிஞ்சவே கூடாது. உள்ளே தூசி இருக்கிறது, காற்று இருக்கிறது. நெருப்பு மட்டும்தான் பாக்கி.

இவ்வளவும் செய்தால் பேட்டரி சாகாதா?

சாகும். இந்த வகை செல்களில் பல, 300 முதல் 500 முழு சுற்றுகளில் ஆரம்பக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றன. நல்ல பழக்கத்தால் முதுமையைத் தள்ளிப்போடலாம். நிறுத்த முடியாது. நமக்கும் அப்படித்தானே.

அந்த நாள் வரும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் நான் இந்தப் பதிவை எழுதக் காரணமான இடம்.

சில வருடங்களுக்கு முன் இரவுப் பணியில் இருந்தபோது ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். வலது உள்ளங்கையும் முன்கையும் கொப்பளித்திருந்தன. மேலே கெட்டியாக டூத்பேஸ்ட். பக்கத்தில் ஆறு வயது மகன். அவனுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. வீசிங்கோடு அழுதுகொண்டிருந்தான்.

மகனுக்குத் தூசி ஆகாது என்று கடன் வாங்கி வேக்குவம் வாங்கியிருக்கிறார். பேட்டரி போனதும் கம்பெனி பேட்டரி ஆறாயிரம் சொன்னார்களாம். பெயர் தெரியாத ஒன்று ஆயிரத்து எண்ணூறுக்குக் கிடைத்திருக்கிறது. இரவு சோபா மேல் வைத்து சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். "பட் பட்"னு சத்தம். எழுந்தால் சோபாவில் புகை. மகன் அதே அறையில் தூங்குகிறான். யோசிக்கவில்லை. வெறுங்கையால் அதைத் தூக்கி வாசலுக்கு எறிந்திருக்கிறார்.

மகனுக்கு நெபுலைசர் கொடுத்து இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்தோம். காலையில் சரியாகிவிட்டான். அம்மாவுக்குக் காயம் ஆறியது. ஆனால் விரல்கள் முழுசாக மடங்க மாதக்கணக்கில் பிசியோதெரபி தேவைப்பட்டது.

"அவனுக்காகத்தான் சார் வாங்கினேன்" என்பதை அன்று இரவு எத்தனை முறை சொன்னார் என்று எண்ண முடியாது.

அவரை யாரும் திட்ட வேண்டாம். ஆறாயிரத்துக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் நடுவில் உள்ள தூரம் எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. ஆனால் அந்தத் தூரத்தில் என்ன குறைந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேறு வேறு வயதுள்ள செல்களைக் கலந்து கட்டியிருப்பார்கள். பழைய லேப்டாப்பில் பிரித்த செல்லாகவும் இருக்கலாம். சூட்டைப் பார்க்கும் சென்சார் இருக்காது. செல்களைச் சமப்படுத்தும் சர்க்யூட் இருக்காது. அதாவது மருந்து இருக்கும், மருந்தின் அளவைப் பார்க்கிற ஆள் இருக்க மாட்டார்.

பேட்டரி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

1. முதல் தேர்வு மெஷின் கம்பெனியின் சொந்த பேட்டரி. வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று பில்லைத் தேடிப் பாருங்கள்.

2. வேறு கம்பெனி பேட்டரி என்றால், இந்தியத் தர நிர்ணய முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். முகவரி இல்லாத பேட்டரி வேண்டாம்.

3. கொள்ளளவுப் பொய்யைக் கண்டுபிடியுங்கள். ஒரு 18650 செல்லில் 3500 எம்ஏஹெச் சுற்றுவட்டாரம்தான் உச்சம். 2500 என்று இருந்த அதே அளவு, அதே ஆறு செல் பெட்டியில் 6000 என்று எழுதியிருந்தால், அது பேட்டரி அல்ல, கதை.

4. ஒரே ஒரு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன், செத்த பேட்டரிக்கு நேரடியாக கரெண்ட் கொடுத்து உயிர் கொடுக்கிறேன் என்பவர்களிடம் கும்பிட்டு விடைபெறுங்கள். இதயத்துக்கு ஷாக் கொடுத்து எழுப்பலாம். பேட்டரிக்கு வேண்டாம்.

5. சார்ஜரை மாற்றிப் போடாதீர்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக வோல்டேஜ் பொருந்தாது.

6. எந்த பேட்டரியையும் மெத்தை, சோபா, துணி மேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள். தூங்கும்போது வேண்டாம். வாசலை மறிக்கும் இடத்திலும் வேண்டாம்.

7. வெளிநாட்டில் இருந்து வாங்கி வருபவர்களுக்கு: கழற்றிய லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் போகக்கூடாது. முனைகளை மூடி, கையில் கொண்டு வரும் பையில்தான் வர வேண்டும். 100 வாட் அவருக்கு மேல் என்றால் விமானக் கம்பெனியின் அனுமதி தேவை.

எப்போது பயப்பட வேண்டும்?

பெட்டி உப்பியிருந்தால். ஓடாமல் சும்மா இருக்கும்போதே சூடாக இருந்தால். நெயில் பாலிஷ் மாதிரி ஒரு ரசாயன வாசனை வந்தால். உஸ்ஸ் என்று சத்தம் வந்தால். கசிந்தால். பலமாகக் கீழே விழுந்த பிறகோ தண்ணீரில் நனைந்த பிறகோ நடவடிக்கை மாறினால். இவற்றில் ஒன்று இருந்தாலும் சார்ஜ் போடாதீர்கள். புகை இல்லை என்றால் எரியக்கூடிய பொருள் இல்லாத திறந்தவெளியில் வையுங்கள்.

புகை வர ஆரம்பித்துவிட்டதா? தொடாதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 101 அல்லது 112. ஒரு செல் வெடித்தால் பக்கத்துச் செல் சூடாகி அடுத்தடுத்து வெடிக்கும். அணைந்த மாதிரி தெரிந்தாலும் மறுபடி பற்றும்.

இனி என் துறை. இதை மட்டுமாவது சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் இருக்கலாம். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரிய வரலாம். குழந்தைகள், ஆஸ்துமா, சிஓபிடி உள்ளவர்கள் "இப்ப ஒண்ணும் இல்லை" என்று வீட்டில் இருக்க வேண்டாம். மருத்துவமனைக்கு வாருங்கள். "லித்தியம் பேட்டரிப் புகை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். பேட்டரித் திரவம் தோலில் பட்டால் துணியைக் களைந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, என்ன பட்டது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்று சந்தேகம் இருந்தால் அதற்குத் தனியாக கால்சியம் குளுக்கோனேட் ஜெல் சிகிச்சை உண்டு. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே 108க்கு அழையுங்கள்.

கடைசியாக, செத்த பேட்டரியின் அடக்கம்.

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதன் மேல் குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டிப் படம் இருப்பது இதற்குத்தான். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே பற்றும். அப்போது பக்கத்தில் நிற்பது நாமல்ல, தூய்மைப் பணியாளர். நம் வீட்டுத் தூசியை எடுத்துத் தந்த பொருள், ஊர்த் தூசியை எடுக்கிறவர் கையைச் சுடக்கூடாது.

இந்தியாவில் 2022ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அதை விற்பனைக்குக் கொண்டு வந்த நிறுவனத்துக்கு உண்டு. முனைகளில் டேப் ஒட்டி, சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுங்கள். கேட்டு வாங்க வேண்டியது அவர்கள் கடமை. கொண்டுபோய்க் கொடுப்பது நம் கடமை.

சுருக்கமாக:

உயிரோடு இருக்கிற பேட்டரியிடம் பொறுமையாக இருங்கள். நின்றுவிட்டது என்றதும் புதைக்காதீர்கள், முதலில் ஃபில்டரையும் பிரஷையும் பாருங்கள். சூடு, நிரந்தர நிறைவு, நீண்ட பட்டினி மூன்றையும் தவிருங்கள்.

நிஜமாகவே செத்த பேட்டரியிடம் மட்டும் கருணை காட்டாதீர்கள். அதை எழுப்பவும் வேண்டாம், அதன் இடத்தில் முகவரி இல்லாத ஒன்றைக் குடி வைக்கவும் வேண்டாம். பணம் சேரும் வரை ஈரத்துணி இருக்கிறது. உண்மையாகச் சொல்கிறேன், அது போதும்.

வீட்டில் இந்த மெஷின் வைத்திருக்கும் உறவுகளுக்கு, குறிப்பாகத் தனியாக இருக்கும் உங்கள் பெற்றோருக்கு, இதைப் படித்துக் காட்டுங்கள். அப்படியே அவர்கள் எந்தப் பிளக்கில் சார்ஜ் போடுகிறார்கள் என்று இன்று போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.